கேமராவைக் காத்த பொன்னுராஜ்

தேனி அல்லிநகரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த பொன்னுராஜ் தன் கேமராவை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தான். தன்னையும் தன் மனைவி ராமுத்தாயையும் தவிர வேறு யாருக்கும் தெரியாத ரகசியம் என்பது அவன் நினைப்பு. தெருவில் பால் ஊற்றுகிறவனுக்குக்கூட அது தெரியும். முன்பக்கம் ஸ்டுடியோ, பின்பக்கம் வீடு. உலை வைத்துவிட்டு ராமுத்தாய் அரிசி அளக்கப் போனால், "ஏங்க, கொஞ்சம் வந்து எடுக்கிறீகளா?" என்று வாசல் வரை கேட்கும்படி கூப்பிட வேண்டும். அவள் கை கேமராவில் படக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அவன் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, முழங்கை வரை அரிசிக்குள் விட்டு, மூன்று பாலித்தீன் பையில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்தபடி நிற்பான். அவள் உழக்கால் அளந்து முடித்ததும் மறுபடி புதைப்பான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த அணைப்பில் பாதிகூடத் தனக்குக் கிடைத்ததில்லை என்று ராமுத்தாய் ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே சொல்வாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

"அரிசி ஈரத்த இழுத்துக்கிரும். லென்ஸுல பூஞ்சை புடிக்காது. எந்தக் கள்ளனும் அரிசிக்குள்ள கைய விட்டுத் தேட மாட்டான்" என்பான் பொன்னுராஜ், ஏதோ விண்வெளி ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தவன் மாதிரி.

ஈரம் போயிற்றோ இல்லையோ, அரிசித் தூசி லென்ஸுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் எடுத்த மணப்பெண்கள் எல்லோருக்கும் இடது கன்னத்தில் தேமல் மாதிரி ஒரு வெளுப்பு விழும். கேட்டால் "லைட்டிங் அப்படி" என்பான். தேமல் விழுந்த பெண்ணின் தகப்பனும் தலையை ஆட்டிவிட்டு ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போவான்.

கேமராவுக்கென்று பை வாங்க மாட்டான். பையைப் பார்த்தால் உள்ளே இருப்பது என்னவென்று கள்ளனுக்குத் தெரிந்துவிடுமாம். உரச்சாக்கில் தைத்த பைக்குள் கேமராவைப் போட்டு, மேலே இரண்டு கட்டு கீரையைப் பரப்பிக்கொண்டுதான் கல்யாண வீட்டுக்குப் போவான். அந்தக் கீரையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து கடையச் சொல்வான். பஸ்ஸில் பையின் காதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்வான். பந்தியில் உட்கார்ந்தால் சட்டைக்குள் கேமராவை விட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்வான். பிள்ளைத்தாச்சி மாதிரி வயிறு துருத்திக்கொண்டு நிற்கும். ஒருமுறை சின்னமனூரில் பரிமாறுகிறவன் ரசத்தை அந்த வயிற்றின் மேலேயே ஊற்றிவிட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, பந்தியிலேயே சட்டையைக் கழற்றிக் கேமராவைத் துடைத்தான் பொன்னுராஜ். மணப்பெண்ணுக்குப் பூ வைக்க உடன் போயிருந்த ராமுத்தாய் அன்றைக்குச் சாப்பிடாமலே எழுந்துவிட்டாள்.

இந்தப் பயம் பிறவியில் வந்ததல்ல. 1995இல் கெங்குவார்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போன இடத்தில் அவனுடைய பழைய ஃபிலிம் கேமரா களவு போயிற்று. மதுரையிலிருந்து கும்பலாக வந்தார்கள், கண்ணில் பொடியைத் தூவினார்கள் என்றெல்லாம் அவன் பின்னால் கதை கட்டினான். நடந்தது அதில்லை. கறிச்சோற்றுப் பந்தி போடுகிறார்கள் என்று குரல் கேட்டதும், முதல் பந்தியில் இடம் பிடிக்கிற அவசரத்தில் கேமராவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனான். எலும்பைக் கடித்து முடித்துவிட்டு வந்தபோது நாற்காலி மட்டும் இருந்தது. அத்தனை பேர் நடமாடுகிற பந்தலில் அப்படி வைத்தால் சாமி சிலையே காணாமல் போகும்.

களவு போனதுகூடப் பெரிதில்லை. அந்தக் கேமராவுக்குள் இருந்த ரோலில்தான் காதுகுத்துப் படம் அத்தனையும் இருந்தது. தாய்மாமன் மடியில் பிள்ளை அழுத படம் ஒன்றாவது வேண்டும் என்று பிள்ளையின் அப்பன் மறுவாரம் ஸ்டுடியோவுக்கு வந்தபோது, "எனக்கு கேமராவே போச்சு, உமக்குப் படமா பெருசு?" என்று சண்டைக்குப் போனான் பொன்னுராஜ். வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு ராமுத்தாய்க்கு வெட்கமாக இருந்தது. கேமரா போன துக்கத்தில் பேசுகிறார் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கல்யாணமான புதிதில் பெண்கள் இப்படி எத்தனையோ சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

2006இல் டிஜிட்டல் வந்தது. ராமுத்தாயின் கழுத்துச் சங்கிலியை விற்றுத்தான் கேமரா வாங்கினான். இரண்டு மெமரி கார்டும் வாங்கினான். தேனி கடைவீதியில் கலர் லேப் வைத்திருந்த எபனேசர் நல்ல மனுஷன். தொழில் தெரிந்தவன். "அண்ணாச்சி, கார்டுல படத்த வச்சுக்கிட்டுத் திரியாதீக. ஒரு கம்ப்யூட்டர் வாங்கி ஏத்தி வைங்க. அதுல இருந்து சி.டி.யில ஒரு காப்பி போட்டு வேற எங்கயாச்சும் வைங்க. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டான்.

"கம்ப்யூட்டர் வாங்குனா கள்ளனுக்கு வெத்தலபாக்கு வச்ச மாதிரி" என்றான் பொன்னுராஜ்.

"அப்ப படம்?"

"பிரிண்ட குடுத்தாச்சுன்னா நம்ம வேல முடிஞ்சது. வந்தவன் போனவன் மூஞ்சிக்கெல்லாம் நான் எதுக்கு எபனேசரு காவல் காக்கணும்?"

இதுதான் பொன்னுராஜ். கேமரா அவனுடையது, அதனால் அரிசிக்குள் இருக்கும். படம் அடுத்தவனுடையது, அதனால் எக்கேடு கெட்டாலும் கவலையில்லை. பிரிண்ட் போட்டதும் கார்டை அழித்துவிடுவான். அழித்த கார்டையும் இன்னும் பிரிண்ட் போடாத கார்டையும் பழைய ஃபிலிம் டப்பாவுக்குள் அடைத்து அதையும் அரிசிக்குள் போடுவான். கார்டைத் தொலைக்காமல் இருக்கத்தான். அதில் இருப்பதற்காக இல்லை.

2008 தை மாதம் கம்பம் பக்கத்துக் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு பையனும் பெண்ணும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். பையன் பெயர் மாரிசெல்வம். அவன் அப்பா தவசிக்குத் திராட்சைத் தோட்டம், தென்னந்தோப்பு, ஊரில் நல்ல பெயர், எல்லாம் உண்டு. பெண் முத்துப்பேச்சி அந்தத் தோட்டத்தில் பழம் வெட்டித் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவள். அப்பா இல்லை. அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கோயிலில் தாலி கட்டிக்கொள்ளப் போகிறோம், படம் எடுக்க வேண்டும் என்றான் மாரிசெல்வம். கம்பத்தில் எந்த ஸ்டுடியோவுக்குப் போனாலும் பொழுது சாய்வதற்குள் தவசிக்குச் சேதி போய்விடும் என்றுதான் தேனிவரை வந்திருந்தார்கள்.

பெண்ணுக்குச் சேலை கட்டிவிட, தலை பின்னிப் பூ வைக்க ராமுத்தாய் உடன் போவது வழக்கம். அன்றைக்கும் போனாள். கோயிலில் பூசாரி, மாரிசெல்வத்தின் தோழன் ஒருவன், பொன்னுராஜ், ராமுத்தாய், கட்டிக்கொள்கிற இரண்டு பேர், ஆக மொத்தம் ஆறு பேர். முத்துப்பேச்சியின் ரவிக்கையில் ஒரு கொக்கி அறுந்திருந்தது. ராமுத்தாய் தன் பையிலிருந்த ஊசி நூலை எடுத்து, பெண்ணை நிற்க வைத்தே தைத்தாள். யாராவது வருகிறார்களா என்று அந்தப் பிள்ளை வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"பயப்படாதத்தா. நல்லா இருப்ப" என்றாள் ராமுத்தாய்.

தாலி கட்டுகிற நேரத்தில்தான் அந்தச் சிக்கல் வந்தது. முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால், அடுத்த இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ நின்று போட்டால்தான் அந்தப் பெண் அந்தக் குடும்பத்துக்குள் வந்தாள் என்று அர்த்தம். மாரிசெல்வத்துக்கு ஒரு அக்கா உண்டு. அவள் ஊரில் இருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. மஞ்சள் கயிற்றை ஒரு முடிச்சுப் போட்டுப் பிடித்துக்கொண்டு அவன் திருதிருவென்று முழித்தான்.

"அக்கா, நீங்க போடுங்கக்கா. எனக்கு அக்காவா நின்னு போடுங்க" என்றான் ராமுத்தாயைப் பார்த்து.

ராமுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு முத்துப்பேச்சியின் பின்னால் போய் நின்று, கூந்தலை ஒதுக்கி, இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டாள். பொன்னுராஜ் குனிந்து குனிந்து படம் எடுத்தான். மொத்தம் நாற்பத்து மூன்று படம். முடிந்ததும், கேமராவின் பின்பக்கம் தெரிந்த சின்னப் படத்தில் முத்துப்பேச்சி தன்னைப் பார்க்க ஆசைப்பட்டாள். பொன்னுராஜ் ஓர் அடி தள்ளியே நின்று காட்டினான், அவள் பிடுங்கிக்கொண்டு மலை ஏறி ஓடிவிடப் போகிறவள் மாதிரி.

"இப்ப பிரிண்ட் போட வேண்டாம்ணே. எங்கயாச்சும் கண்ணுல பட்டுரும். நான் அப்பாகிட்டப் பக்குவமாச் சொல்லிட்டு வந்து வாங்கிக்கிறேன். அதுவர பத்திரமா வச்சிருங்க" என்றான் மாரிசெல்வம்.

"எங்கிட்ட வந்த பொருள் எங்கயும் போகாது" என்றான் பொன்னுராஜ்.

கம்பத்தில் ஒரு சின்ன வீடு பிடித்து இருவரும் நான்கு மாதம் குடித்தனம் செய்தார்கள். தோழன் சவுதிக்குப் போய்விட்டான். வைகாசி கடைசியில் தவசி வந்து மகனை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். அடித்தாரா, அழுதாரா, தாயைக் கொண்டு விஷம் குடிப்பேன் என்று சொல்ல வைத்தாரா தெரியாது. போன பையன் திரும்பி வரவில்லை. ஆவணி பிறந்ததும் அவனுக்குப் போடியில் வேறு பெண்ணோடு கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. முத்துப்பேச்சி வயிற்றில் மூன்று மாதம். தவசி வீட்டில் போய்க் கேட்டவளிடம், "எவ நீ? எங்கன கட்டுன, எவன் பாத்தான்?" என்று வாசலிலேயே கேட்டு அனுப்பினார்கள். பூசாரியைக் கேட்டால், "ஆயிரம் பேரு வாராக போறாக, எனக்கென்ன ஞாபகம்" என்றார். அவள் தேனி மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். கல்யாணம் நடந்ததற்கு ஆதாரம் என்ன இருக்கிறது என்று அங்கே கேட்டார்கள். போட்டோ இருக்கிறது என்று அவள் தைரியமாகச் சொன்னாள்.

அதற்கு மறுநாள் தவசி பொன்னுராஜின் ஸ்டுடியோவுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. அடியாள் இல்லை, அதட்டல் இல்லை. சுவரில் மாட்டியிருந்த படங்களையெல்லாம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார். உள்வாசல் திரைக்குப் பின்னால் ராமுத்தாய் நின்றாள்.

"தம்பி, எம்மகன் வயசுக் கோளாறுல உங்ககிட்ட என்னமோ படம் எடுத்திருக்கான்னு சொன்னாக. நான் அதக் கேக்க வரல. உங்க நல்லதுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். அந்தப் பிள்ள ஸ்டேஷன் ஏறியிருக்கு. உங்களையும் கூப்பிடுவாக. படம் இருக்குன்னு சொன்னீகன்னா, எடுத்த மிஷினக் கொண்டான்னு சொல்வாக. வாங்கி வச்சா வச்சதுதான். ஸ்டேஷன் வேப்பமரத்தடியில நிக்கிற வண்டிகளப் பாத்திருக்கீகல்ல? டயருக்குள்ள செடி மொளச்சு நிக்கும். படமே இல்லைன்னா ஒரு தொந்தரவும் இல்ல."

அவ்வளவுதான். கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

காசு வாங்கிக்கொண்டு பொன்னுராஜ் அந்தக் காரியத்தைச் செய்திருந்தால் பாவி என்று திட்டிவிட்டுப் போகலாம். அடித்து மிரட்டிச் செய்ய வைத்திருந்தால் ஐயோ பாவம் என்றாவது சொல்லலாம். இரண்டும் இல்லை. ஒரு மனுஷன் வந்து உட்கார்ந்து வேப்பமரத்தடி வண்டியைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். அதற்கே இவன் மடங்கிவிட்டான்.

மத்தியானம் ராமுத்தாய் சாப்பிடக் கூப்பிட வந்தபோது ஸ்டுடியோ ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பொன்னுராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து, ஃபிலிம் டப்பாவிலிருந்த கார்டைக் கேமராவில் போட்டிருந்தான். சின்னத் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. குனிந்த தலை. மஞ்சள் கயிறு. கூந்தலை ஒதுக்குகிற இரண்டு கை, அவளுடைய கை.

"என்ன பண்றீக?"

"கார்டு நெறஞ்சிருச்சு."

"அது அந்தப் பிள்ள கல்யாணப் படமில்ல? அந்தப் பிள்ளைக்கு அத விட்டா வேற நாதி இல்லீக."

"நமக்கு இத விட்டா வேற நாதி இருக்கா?" என்று கேமராவைத் தட்டிக் காட்டினான்.

"ஒரே ஒரு படத்தையாச்சும் எபனேசர் கடையில போட்டுக் குடுத்துருங்க. அப்புறம் என்னமும் செய்ங்க."

"படம் வெளிய போனா கேமரா ஸ்டேஷனுக்குப் போயிரும்டி கூறுகெட்டவளே. உள்ள போய்ச் சோத்தப் போடு."

கார்டு முழுவதையும் அழிக்கிற பொத்தானை அழுத்தினான். நிஜமாகவே அழிக்க வேண்டுமா என்று கேமராவே ஒருமுறை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினான். நாற்பத்து மூன்றும் போயிற்று. கார்டை இரண்டாக உடைத்துவிடலாமா என்றும் ஒரு கணம் யோசித்தான். நல்ல கார்டாயிற்றே என்று மனசு வராமல் அதைத் துடைத்து டப்பாவிலேயே போட்டு மூடினான். பிறகு கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

ராமுத்தாய் அந்தக் கேமராவைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. தன் சங்கிலியை விற்று வாங்கிய பொருள்தான். ஆனாலும் தொடாதே தொடாதே என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிய கை நீளவில்லை. சோறு போட்டுக்கொண்டே தன்னை நினைத்துக் கூசினாள். ரசத்துக்கு உப்பு போதவில்லை என்று அவன் சொன்னான்.

மூன்றாம் நாள் முத்துப்பேச்சி வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். முகம் வற்றிப் போயிருந்தது. ஸ்டுடியோ படியில் ஏறாமல் கீழேயே நின்றாள்.

"அண்ணே, ஸ்டேஷன்ல போட்டோ கேக்குறாக. நாப்பத்து மூணு எடுத்தீகல்ல, ஒண்ணே ஒண்ணு குடுத்தாப் போதும்ணே."

பொன்னுராஜ் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தான். "அது தானா அழிஞ்சு போச்சும்மா. டிஜிட்டல்னாலே அப்படித்தான். கரண்டு கூடக்கொறச்சலா வந்தாக்க உள்ள இருக்கிறது போயிரும். பழைய ரோலா இருந்தா இருந்திருக்கும்."

அந்தப் பிள்ளை அதை நம்பிவிட்டது. அவளுக்கு டிஜிட்டலைப் பற்றி என்ன தெரியும்? அழவில்லை, கத்தவில்லை.

"ஒண்ணுகூடவாண்ணே மிச்சமில்ல?"

"இல்லம்மா."

"சரிண்ணே. நீங்க என்ன பண்ணுவீக பாவம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

திரைக்குப் பின்னால் நின்ற ராமுத்தாயை அந்த 'பாவம்' என்கிற சொல் அறைந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டுடியோ வழியாகவே வெளியே வந்தாள்.

"எங்கடி போற?"

"ஸ்டேஷனுக்கு."

"ஏய், அங்கன போய் கேமராவப் பத்தி மட்டும் வாயத் தொறந்துறாத" என்றான் அவன். போகாதே என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு.

மகளிர் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரம்மா அன்றைக்குத் தவசியையும் மகனையும் வரச் சொல்லியிருந்தார். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாரிசெல்வம் இளைத்திருந்தான், தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ராமுத்தாய், பஸ் ஸ்டாப்பில் போய்ப் பிடித்த முத்துப்பேச்சியின் கையை விடாமல் உள்ளே போய், தான் யார், அந்தக் கோயிலுக்கு எதற்குப் போனேன் என்பதையெல்லாம் நின்றபடியே சொன்னாள். அரக்குக் கலர்ச் சேலை, அறுந்த கொக்கி, பூசாரி தேங்காய் உடைத்தபோது சில்லுத் தெறித்து மாப்பிள்ளையின் காலில் பட்டது, எதையும் விடவில்லை.

"நாத்தனார் முடிச்சு யார் போட்டது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

"நாந்தான் போட்டேன்."

தவசி சிரித்தார். "யாரு வேணும்னாலும் வந்து கத சொல்லலாம்மா. படம் இருக்குன்னாகளே, எங்க?"

பொன்னுராஜுக்கு ஆள் போயிற்று. அரை மணி நேரத்தில் வந்தான், வெறுங்கையோடு. "படம் தானா அழிஞ்சிருச்சு மேடம். கரண்டு..." என்று ஆரம்பித்தான்.

"தானா அழியல. இவுகதான் அழிச்சாக. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். இந்தா உக்காந்திருக்காகளே, இவுக வந்து பேசிட்டுப் போன அன்னிக்கு மத்தியானம் அழிச்சாக" என்றாள் ராமுத்தாய்.

பொன்னுராஜ் மனைவியைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. அவன் கணக்கில் அவள் அரிசி அளக்கிறவள், பூ வைத்துவிடுகிறவள்.

ராமுத்தாய் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். "ஏலே மாரிசெல்வம். அக்காவா நின்னு போடுங்கன்னு நீதானல கேட்ட? இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு, நான் போடலைன்னு."

"தலையத் தூக்கிச் சொல்லுடா, இவ யாருன்னே தெரியாதுன்னு" என்றார் தவசி.

மாரிசெல்வம் தலையைத் தூக்கினான். அப்பாவைப் பார்த்தான், ராமுத்தாயைப் பார்த்தான். முத்துப்பேச்சியை மட்டும் பார்க்க முடியவில்லை. "கட்டுனேன்" என்றான். இவனையும் ஒரு ஆம்பளை என்று நம்பி ஒருத்தி நான்கு மாதம் சோறாக்கிப் போட்டிருக்கிறாளே என்று ராமுத்தாய்க்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். பிறகு பொன்னுராஜிடம், "கேமராவையும் அந்த கார்டையும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

"அவருதான் ஒத்துக்கிட்டாரே மேடம். இனி கேமரா எதுக்கு?"

"இன்னிக்கு ஒத்துக்கிட்டவர் நாளைக்குக் கோர்ட்டுல மாத்திப் பேசுவார். அழிச்ச படத்த லேப்ல திரும்ப எடுக்க முடியும். எந்தக் கேமராவுல எடுத்ததுன்னு அவங்க பார்க்கணும், ரெண்டையும் அனுப்பணும்." பேனாவைக் கையில் எடுத்து, "நீங்க ஒரே ஒரு பிரிண்ட் போட்டு இந்தப் பொண்ணு கையில குடுத்திருந்தா உங்க கேமராவ நான் கேட்டிருக்கவே மாட்டேன். ஆதாரத்த அழிச்சதுக்கு உங்க மேல தனியா எழுதலாம். எழுதட்டுமா?" என்றார்.

பொன்னுராஜ் பெண் போலீஸ் ஒருத்தியோடு வீட்டுக்குப் போய்க் கேமராவைக் கொண்டுவந்தான். பொட்டலத்தைப் பிரித்தபோது இன்ஸ்பெக்டரம்மாவின் மேஜையில் அரிசி கொட்டியது. அவர் அதைக் கையால் ஒதுக்கித் தள்ளினார். கேமராவைத் துணியில் சுற்றி, கயிறு கட்டி, அரக்கு வைத்து, சீட்டு ஒட்டினார்கள். கோர்ட்டு, லேப் எல்லாம் முடிந்து திரும்பி வர எத்தனை நாளாகும் என்று கேட்டான். நாளா, நாலு வருஷம் ஐந்து வருஷம் ஆகும் என்றார் எழுத்தர்.

போடியில் நிச்சயித்திருந்த கல்யாணம் அன்று சாயங்காலத்துக்குள் நின்றுபோனது. தவசி மகனை ஏறிட்டும் பார்க்காமல் காரில் ஏறினார். மாரிசெல்வம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஸ்டேஷன் வாசலில் நின்றான். முத்துப்பேச்சி அவன் பக்கம் போகவில்லை. கல்யாணம் நடந்தது என்று அவன் வாயால் சொல்லிவிட்டான். அவளுக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது. வயிற்றுப் பிள்ளையைச் சுமந்துகொண்டு, வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து பார்க்காத அம்மாவிடம் போய் இனிமேல்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

பொன்னுராஜ் வராந்தாவில் தூணோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான். புகார் கொடுக்க வந்திருந்த பெண்கள், தங்கள் துன்பத்தை மறந்து, யார் செத்துப் போனார்கள் என்று விசாரித்தார்கள்.

ராமுத்தாய் பத்தடி தள்ளி நின்றாள். கிட்டே போக அவளுக்கு இஷ்டமில்லை. முத்துப்பேச்சிதான் போனாள். அவன் முன்னால் குனிந்து, பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி அவன் தோளைத் தொட்டாள்.

"அழுகாதீகண்ணே. என்னாலதான உங்களுக்கு இம்புட்டுக் கஷ்டம். கேமரா வந்துரும்ணே."

பொன்னுராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். தான் எதை அழித்தான், யாருடையதை அழித்தான் என்பது அந்த முகத்தில் எங்கேயும் இல்லை.

"வந்துருமாத்தா?" என்று அவளிடமே கேட்டான்.

"வந்துரும்ணே" என்றாள் அவள்.

இவனோடு பதினான்கு வருஷம் ஒரே பாயில் படுத்திருக்கிறேன் என்று ராமுத்தாய் நினைத்தாள். உடம்பு பூராவும் கூசியது. போய் முத்துப்பேச்சியின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"வாத்தா. உங்கம்மாகிட்ட நான் வந்து சொல்றேன்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு, கம்பம் பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.